தபசுகால மாத்திரை

பங்குனி வெயிலில் ராயபுரத்துத் தார் ரோடு இளகிக் கிடக்கும்போது, புருஷனுடைய கம்பளி ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு பைப்படியில் குடத்தோடு நடுங்கிக்கொண்டிருந்த ஒருத்தியை உங்களில் யாராவது பார்த்திருந்தால், அவள்தான் என் ஓர்ப்படி. என் வீட்டுக்காரருக்கு அண்ணி. பெயர் வேண்டாம். அக்கா, அக்கா என்று கத்திக் கத்தியே என் தொண்டை போயிருக்கிறது. வீட்டில் அவள் பெரியவள், நான் சின்னவள். அண்ணன் தம்பி இருவருக்கும் துறைமுகத்தில் வேலை. ஒரே வீடு, ஒரே அடுப்பு.

அவளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். பாசம் வரும், ஆனால் அது பின்வாசல் வழியாக மெதுவாக வரும்.

சலுகை என்ற ஒன்று அவளுக்கு ஆகவே ஆகாது. நிறைமாத வயிற்றோடு பைப்படிக்குப் போவாள். வரிசையில் நிற்கிற பெண்கள், "நீ முன்னால வந்து புட்சிகினு போமே" என்று வழிவிடுவார்கள். இவள் நகர மாட்டாள். "எனுக்கு மட்டும் இன்னாத்துக்கு? எல்லாருக்குந்தான் இடுப்பு கீது" என்பாள். காசிமேட்டிலிருந்து கூடை தூக்கி வரும் மீன்காரம்மா கொசுறாக இரண்டு சங்கராவைப் போட்டால், அதை எடுத்துத் திரும்பக் கூடையிலேயே வைப்பாள். மீன்காரம்மா கோபித்துக்கொள்வாள். "இன்னாமே, நான் ஆசையா குடுத்தா நாறுதா?" என்று கேட்டுவிட்டு, அந்த இரண்டு மீனையும் என் சட்டியில் போட்டுவிட்டுப் போவாள். எனக்கு அந்த வெட்கமெல்லாம் கிடையாது.

இரண்டாவது பிள்ளை பிறந்த மறுநாள், நான் சாப்பாட்டுத் தூக்கோடு பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போனால், இவள் கட்டிலில் வேறு யாரோ ஒருத்தி படுத்திருந்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. தரையிலிருந்து குரல் வந்தது. "இங்க கீறேன்மே. அந்தப் பொண்ணுக்கு ரெட்டப் புள்ள. பாவம், கீய படுத்துகினு இருந்திச்சி." பச்சை உடம்புக்காரி, பாயில் படுத்துக்கொண்டு சிரிக்கிறாள்.

இதையெல்லாம் படிக்கிறவர்களுக்கு ஆஹா, என்ன நல்ல குணம் என்று தோன்றும். கூட இருந்து குடித்தனம் நடத்திப் பாருங்கள், தெரியும்.

அவளிடம் சொத்து என்று இருந்தது குரல் ஒன்றுதான். பெரிய வெள்ளிக்கிழமை சாயங்காலம், சிலுவையிலிருந்து ஆண்டவர் சுரூபத்தை இறக்கி வைத்த பிறகு, மகன் தலையை மடியில் வைத்துக்கொண்டு மாதா அழுவதாக எங்கள் கோயிலில் ஓர் ஒப்பாரி பாடுவார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதைப் பாடியவள் இவள். மைக் கிடையாது. ஆனால் வாசல் படியில் நிற்கிறவனுக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்கும். கப்பலில் மூட்டை ஏற்றுகிற முரட்டு ஆட்கள் துண்டால் மூக்கைச் சிந்துவார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு அவள் கொஞ்சம் கொஞ்சமாக மந்தமானாள். அரிசி களைய உட்கார்ந்தால் தண்ணீரில் கையை வைத்தபடியே தூங்கிவிடுவாள். முகம் உப்பியது. தோல் சொரசொரத்தது. எல்லாரும் விசிறிக்கொண்டிருக்கும்போது இவளுக்குக் குளிர் எடுக்கும். தெருவில், "பெரியவ நல்லா பூசினாப்ல கீறா, துறைமொகத்துல போனஸ் போட்டானா?" என்று கேலி செய்தார்கள். சோம்பேறி என்றும் சொன்னார்கள். குரல் கட்டையாகிவிட்டது. அவள் புருஷன் நல்ல மனுஷர், கிரேன் ஓட்டுகிறவர். அவர்கூட, "இன்னாமே, தொண்டைல தவளை பூந்துகிச்சா?" என்று சிரித்தார்.

அந்த வருஷம் பெரிய வெள்ளியன்று பாட எழுந்து நின்றாள். முதல் வரியிலேயே குரல் பிளந்து ஆம்பிளைக் குரலாக இறங்கியது. முன்வரிசையில் இருந்த பிள்ளைகள் களுக்கென்று சிரித்துவிட்டார்கள். பாதியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் டாக்டரிடம் வர ஒத்துக்கொண்டது உடம்புக்காக இல்லை, அந்தச் சிரிப்புக்காக.

பட்டணத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அழைத்துப் போனேன். அங்கேயும் தன் முறை வரும்போதெல்லாம், "அவங்க கைக்கொயந்தகாரி, போவட்டும்", "பாவம், அந்தத் தாத்தா நிக்க முடியாம கீறாரு" என்று ஒவ்வொருவராக உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தாள். டாக்டர் எழுந்துவிடப் போகிற நேரத்தில்தான் நாங்கள் உள்ளே போனோம். சுரப்பி நோய்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த இளம் டாக்டர் அவர். இவளைப் பார்த்ததுமே அவர் முகம் மலர்ந்தது. நாற்காலியில் மண்டியிடச் சொல்லி, குதிகாலுக்கு மேலே ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். பாதம் சட்டென்று உதறிவிட்டு, யோசித்து யோசித்துத் திரும்பி வந்தது. "பாத்தீங்களா?" என்று என்னிடம் பெருமையாகக் காட்டினார்.

கழுத்தில் ஒரு சுரப்பி இருக்கிறதாம். உடம்பு என்கிற அடுப்புக்குக் காற்று விடுவது அதன் வேலையாம். "அது சுரக்கறதுக்குப் பேர் ஹார்மோன். சின்னப் பிள்ளைங்களுக்கு அது குறைஞ்சா வளர்த்தியே நின்னுடும். இவங்களுக்கு எல்லாமே மெதுவாயிடுச்சு. சாப்பிட்டது எரியறதும் மெதுவு, நெஞ்சு அடிக்கறதும் மெதுவு. தினம் ஒரு மாத்திரை போடணும். ஆயுசுக்கும் போடணும். நிறுத்தவே கூடாது."

பெரியவள் தன் தவளைக் குரலில் கேட்டாள். "இத்த எதுல செய்றாங்க டாக்டரு?"

யாரும் கேட்காத கேள்வியை ஒருத்தி கேட்டுவிட்ட சந்தோஷம் அவருக்கு. "ஆடு மாடு கழுத்துல இதே சுரப்பி இருக்கும்மா. அதை எடுத்துக் காயவெச்சுப் பொடி பண்ணி மாத்திரையாக்கறாங்க. கசாப்புக் கடைக்காரர் உங்களுக்குப் பாதி டாக்டர்னு வெச்சுக்குங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அந்த டாக்டர் வாயை மூடிக்கொண்டு மருந்தை மட்டும் கொடுத்திருக்கலாம்.

மாத்திரை வேலை செய்தது. ஒரு மாதத்துக்குள் முகம் வடிந்தது. ஸ்வெட்டர் பெட்டிக்குப் போனது. அடுத்த மாதம் ஒரு நாள் நான் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது, உள்ளே அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே பாடுவது கேட்டது. பழைய குரல். நான் சோப்பை அப்படியே போட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து கேட்டேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பிறகு தபசு காலம் தொடங்குகிற விபூதிப் புதன் வந்தது. காலையில் அவள் மாத்திரை பாட்டிலை எடுத்து மாதா படத்துக்கு முன்னால் வைத்து, ஒரு மெழுகுவர்த்தியும் கொளுத்தினாள்.

"இன்னாக்கா இது?"

"தபசு காலம்டி. சுத்தபோசனம். கறி துன்னக் கூடாது."

எங்கள் சுத்தபோசனத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஈஸ்டர் வரைக்கும் நாற்பது நாளும் இறைச்சி கூடாது, மீன் கூடும். ராயபுரத்தில் இது ஒரு தவமா? வஞ்சிரம் வறுத்து, சுறாப்புட்டு கிண்டி, நண்டு ரசம் வைத்து ஏப்பம் விட்டுவிட்டு, ஆண்டவரே உமக்காக ஒறுத்தேன் என்று சொல்லுகிற ஊர் எங்களுடையது. போதாததற்குக் கோயில் சட்டமே அப்போது தளர்ந்துகொண்டிருந்தது. பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்துவிட்டது. நாற்பது நாளும் வேண்டாம், வெள்ளிக்கிழமைகளில் மட்டும் இறைச்சி விட்டால் போதும் என்று சாமியாரே பிரசங்கத்தில் சொல்லிவிட்டார். "எங்கம்மா நாப்பது நாளும் வுட்டாங்க. எனுக்கு மட்டும் இன்னாத்துக்கு வெள்ளிக்கெயம?" என்றாள் இவள்.

"கடுகு மாதிரி ஒரு மாத்திரைக்கா! அதுல பிரியாணியா செய்ய முடியும்?"

"கடுகு மாதிரி பாவம்னு தனியா எதுனா கீதா?"

அவளை இழுத்துக்கொண்டு சாமியாரிடம் போனேன். வயதானவர், பொறுமைசாலி. "அம்மா, மருந்து இறைச்சி ஆகாது. அப்படியே ஆனாலும் நோயாளிக்கு விலக்கு உண்டு. ஒருவேளை மட்டும் சாப்பிடற ஒருசந்திகூட நீ பிடிக்கத் தேவையில்லை. நான் சொல்றேன், சாப்பிடு" என்றார். இவள் முழங்காலிட்டு ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டாள். சரி, முடிந்தது என்று நினைத்தேன். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது சொன்னாள். "சாமி தங்கமானவரு. யாரு கேட்டாலும் வெலக்கு குடுப்பாரு. அதுக்கோசரம் நானும் போயி கைய நீட்டணுமா?"

மூன்றாம் வாரத்தில் ஸ்வெட்டர் பெட்டியிலிருந்து வெளியே வந்தது. ஐந்தாம் வாரத்தில் முகம் உப்பியது. பெரிய வெள்ளியன்று ஒப்பாரியை வாத்தியார் சம்சாரம் பாடினாள். ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுவது போலிருந்தது. பெரியவள் கடைசி பெஞ்சில் ஸ்வெட்டரோடு உட்கார்ந்து தூங்கி விழுந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள், "இன்னா தவசுடி இவளுது! எப்டி வாடிப் பூட்டா பாரு" என்று உச்சுக் கொட்டினார்கள். வீங்கின முகத்தைப் பார்த்து வாடிய முகம் என்கிறவர்களிடம் நான் என்ன பேச? இதே மாத்திரையை மீனிலிருந்து செய்திருந்தால் ஒரு தொல்லையும் இல்லையே என்று அந்த டாக்டரை மனசுக்குள் திட்டினேன்.

ஈஸ்டர் அன்று ஆட்டுக்கறியோடு மாத்திரையையும் ஆரம்பித்தாள். உடம்பு தேறிக் குரல் திரும்பி வருஷம் முழுக்க நன்றாக இருந்தாள். அடுத்த விபூதிப் புதனில் பாட்டில் மறுபடி மாதாவிடம் போனது. இப்படியே வருஷா வருஷம். பாட வேண்டிய ஒரே நாளில் மட்டும் அவளுக்குக் குரல் இருக்காது. அவள் புருஷனிடம் முறையிட்டால், "வுடு சின்னவளே, சாமி வெசயம்" என்பார். என் வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார். வீட்டில் கத்துகிறவள் நான் ஒருத்திதான்.

ஒரு வருஷம் குருத்து ஞாயிறன்று அவள் எழுந்திருக்கவே இல்லை. ஓலையில் சிலுவை பின்னிக்கொண்டு பிள்ளைகள் வாசலில் காத்திருந்தார்கள். நான் போய் உலுக்கினேன். உடம்பு ஜில்லென்று இருந்தது. மூச்சு எங்கோ தூரத்தில் வந்துகொண்டிருந்தது. அவள் புருஷனும் நானும் தூக்கி ரிக்ஷாவில் போட்டு அதே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே போனேன். அழுதுகொண்டும்தான்.

சில நாள் கழித்துக் கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்து முதலில் கேட்டது இது: "இந்தக் கட்டில்ல முன்ன யாரு இருந்தாங்க? எனுக்கோசரம் கீய எறக்கிட்டாங்களா?" அவளைக் கட்டிப்பிடித்து அழுவதா, கன்னத்தில் அறைவதா என்று எனக்குத் தெரியவில்லை. டம்ளரில் காப்பியை ஊற்றிக் கையில் கொடுத்தேன்.

டாக்டருக்கு இப்போது காதோரம் நரைத்திருந்தது. என்னைத் தனியே கூப்பிட்டார். "இன்னொரு தடவை இப்படி வந்தா கண்ணைத் திறக்க மாட்டாங்க. எதுக்கு நிறுத்தறாங்க?" நான் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, "இப்ப வேற மாத்திரை வருதும்மா. அந்த ஹார்மோனையே மருந்துத் தொழிற்சாலையில செய்யறாங்க. ஆடும் இல்லை, மாடும் இல்லை. வெறும் ரசாயனம்" என்றார். அந்த மேஜைமேல் விழுந்து கும்பிடாத குறைதான். வெள்ளை வெளேரென்று இருந்த அந்தப் புது மாத்திரையை ஏதோ ராஜ்யத்தைப் பிடித்துவிட்டவள் போல வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

வருஷம் முழுவதும் அதைச் சமர்த்தாகப் போட்டாள். மறுபடியும் விபூதிப் புதன் வந்தது. நான் தண்ணீரும் மாத்திரையுமாக எதிரே போய் நின்றேன்.

"இது கறி இல்லதான?"

"இல்ல."

"சத்தியமா?"

"மாதா மேல சத்தியமா இல்ல. மருந்து. பேக்டரில செய்றது."

கையில் வைத்து உருட்டிப் பார்த்தாள். யோசித்தாள். புது மாத்திரையால் யோசனையும் வேகமாக ஓடியதுதான் வினை. "இத்த போட்டா குளுரு இல்ல. காலு வலி இல்ல. பகல்ல தூக்கம் இல்ல. பாட்டு வருது. இதவுட சொகம் எனுக்கு இன்னாடி கீது? தபசு காலத்துல சொகத்ததான வுடணும்?" என்று சொல்லி, பாட்டிலைக் கொண்டுபோய் மாதா முன்னால் வைத்துவிட்டாள்.

இத்தனை வருஷம் நான் அந்த மாத்திரையில் இருந்த ஆட்டோடு சண்டை போட்டிருக்கிறேன். சண்டை போட வேண்டியது ஆட்டோடு இல்லை. அன்றைக்கு நான் கத்தவில்லை. எல்லாருக்கும் சோறு போட்டுவிட்டு, என் தட்டைக் கவிழ்த்து வைத்தேன்.

"இன்னாமே, துன்னல?"

"நீ மாத்திர போடு, துன்றேன்."

"எனுக்குத்தான் தவசு. நீ ஏன்மே பட்டினி கெடக்கற?"

"எனுக்கு மட்டும் இன்னாத்துக்கு சோறு?" என்றேன்.

அவள் முகத்தில், தன் சொல்லையே யாரோ திருடிக்கொண்டு போய்விட்ட மாதிரி ஒரு பார்வை. அன்று சாயங்காலம் எனக்குப் பிடித்த நெத்திலிக் குழம்பு வைத்தாள். நான் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தேன். மறுநாளும் தட்டு கவிழ்ந்தே இருந்தது. என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டும் சேந்து எங்கள பேஜாருல வுடாதீங்க" என்றார். பட்டினி எனக்கு ஒத்துவராத விஷயம். பசி வந்தால் எனக்குக் கோபம் இரண்டு மடங்காகும். ஆனால் இந்தத் தடவை கோபம்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது.

அதற்கு அடுத்த நாள் பைப்படியில் குடத்தைத் தூக்கினேன், விழுந்துவிட்டேன். தண்ணீரோடு தரையில் கிடந்தேன். வரிசையின் கடைசியில் நின்றிருந்த பெரியவள் அத்தனை பேரையும் தள்ளிக்கொண்டு முன்னால் ஓடி வந்தாள். அவள் வாழ்க்கையில் வரிசையை மீறியது அன்று ஒரு நாள்தான். என்னைத் தாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து உட்கார வைத்தாள். நேரே மாதா படத்துக்குப் போனாள். பாட்டிலைத் திறந்து, தண்ணீர்கூட இல்லாமல் மாத்திரையை விழுங்கினாள். கோபத்தில் அவள் முகமெல்லாம் கண்ணீர்.

"மாதாவாண்ட வெச்சத எடுக்க வெச்சிட்ட இல்ல? சரிடி. இந்த வருசம் இதான் எனுக்கு தவசு. வேணாம் வேணாம்னு சொல்ற வாயில தெனிக்கும் இத்த போட்டுக்கறன். எல்லாரும் ஏதோ ஒண்ண வுடறாங்க, நான் மட்டும் சொகமா கீறன். இதவுட பெரிய கஷ்டம் எனுக்கு வேற இல்ல."

எந்தப் பெயரில் போனால் என்ன, உள்ளே போனால் சரி. நான் தட்டை நிமிர்த்தினேன். அவள்தான் சோறு போட்டாள், போடும்போதும் திட்டிக்கொண்டே இருந்தாள்.

தினமும் காலையில் என்னை முறைத்தபடி அதை விழுங்குவாள். நான் பக்கத்தில் தட்டோடு உட்கார்ந்திருப்பேன். தபசு காலம் அப்படியே ஓடியது. பெரிய வெள்ளியன்று சாயங்காலம், எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, அவள் எழுந்து நின்றாள். ஸ்வெட்டர் இல்லை. சுரூபத்தை இறக்கி வைத்தார்கள். அவள் பாடினாள். வாசல் படி வரைக்கும் போயிற்று அந்தக் குரல். ஒரு காலத்தில் சிரித்த பிள்ளைகள் வளர்ந்து மீசையோடு நின்று கண்ணைத் துடைத்தார்கள். எனக்குத் தேம்பித் தேம்பி அழுகை வந்தது. பாட்டுக்காக அழுதேனா, போன வருஷங்களுக்காக அழுதேனா, தெரியாது.

ஈஸ்டர் காலை. பூசை முடிந்து வந்து எல்லாரும் உட்கார்ந்தாயிற்று. ஆட்டுக்கறிக் குழம்பு வாசனை தெருவரைக்கும் போனது. நான் வழக்கம்போல மாத்திரையையும் தண்ணீரையும் அவள் முன்னால் வைத்தேன். அவள் அதை ஒதுக்கி வைத்துவிட்டு நிம்மதியாகச் சிரித்தாள்.

"தவசுதான் நேத்தோட முடிஞ்சிட்ச்சே. இனிமே இன்னாத்துக்கு இது?"

ஆவி பறக்கிற குழம்பைப் பார்த்தேன். கறித்துண்டுகளைப் பார்த்தேன். என் தட்டை எடுத்துக் கவிழ்த்தேன்.

"ஏய், ஈஸ்டரு அன்னிக்கி பட்டினி கெடந்தா பாவம்டி!"

"கெடக்கட்டும்."

அவள் புருஷன் எடுத்த கவளத்தைத் திரும்பத் தட்டில் வைத்தார். என் வீட்டுக்காரரும் கையை எடுத்துவிட்டார். பிள்ளைகள் பெரியவளையே பார்த்தார்கள். அவள் அத்தனை தட்டுகளையும் ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். பிறகு மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "பிசாசுடி நீ" என்றாள்.

அன்றிலிருந்து அவள் இருந்த வருஷமெல்லாம் அதுதான் எங்கள் வீட்டு வழக்கம். காலையில் அவள் மாத்திரை போடுகிறவரைக்கும் நான் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருந்த நாட்களிலும் மாத்திரையை என் எதிரே வந்து விழுங்கிவிட்டுப் போவாள். கிழவியாகி, வேறு நோயில்தான் போனாள். போன அன்று காலையும் போட்டுவிட்டுத்தான் போனாள்.

இப்போது எனக்கும் வயதாகிவிட்டது. காலையில் மருமகள் இட்லி வைத்துவிட்டு, "சாப்டுங்கத்தே, ஆறிப்போவுது" என்கிறாள். கை தட்டுவரைக்கும் போய் நின்றுவிடுகிறது. பெரியவள் போட்டுவிட்டாளா என்று காத்திருக்கிறேன். போட ஆள் இல்லை என்று தெரியும். பசி வயிற்றைக் கிள்ளுகிறது, அவள்மேல் எரிச்சல் எரிச்சலாக வருகிறது. ஆனாலும் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத்தான் சாப்பிடுகிறேன். எனக்கு மட்டும் எதற்குச் சலுகை?